லேசர் பிடிக்கலை பாஸ், உலைதான் பிடிச்சது!

உலை கொதிக்கும்போது எட்டிப் பார்த்திருக்கீங்களா? அரிசி அடியிலிருந்து கிளம்பி, மேலே வந்து, ஓரமா இறங்கி, மறுபடி அடிக்கே வரும். எம்.எஸ்சி. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் என் மானத்தை வாங்கப் பார்த்தது இதே சமாசாரம்தான்.

லேசரால் துகளைப் பிடிக்கணும். ஆர்தர் ஆஷ்கின் 1986-ல் செய்து காட்டிய வித்தை. 2018-ல், 96 வயதில், அதுக்காக நோபல் வாங்கினார் மனுஷன். நான் வெச்சிருந்தது மெலிசா தங்கம் பூசிய கண்ணாடித் தகடு, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர், உள்ளே ஐந்து மைக்ரான் பாலிஸ்டைரீன் மணிகள். லேசரை ஆன் பண்ணினதும் சர்க்கரையைக் கண்ட எறும்பு மாதிரி மணிகள் ஊர்ந்து வந்து குவிஞ்சது. குதிச்சேன்! ராத்திரியோட ராத்திரியா ரிப்போர்ட் எழுதி ஸ்பைரலும் போட்டாச்சு.

வைவாவுக்கு இரண்டு நாள் முன்னால்தான் உறைச்சது. ஒளியின் பிடி சில மைக்ரான் தூரம்தான் எட்டும். என் மணிகளோ ஐம்பது மைக்ரான் தள்ளியிருந்து வந்தவை. யார் கூட்டிட்டு வந்தது? தங்கம் பூசாத தகட்டை வெச்சுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஒண்ணு மட்டும் மாட்டியது. மற்றதெல்லாம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஆக, தங்கம் லேசரை உறிஞ்சிச் சூடாகியிருக்கு. சூடான தண்ணீர் மேலே போக, அந்த இடத்துக்குச் சுற்றியிருந்த தண்ணீர் மணிகளையும் உருட்டிக்கிட்டு வந்திருக்கு. அதே உலை!

‘‘யாரு கேட்கப் போறா, விடு மச்சி’’ என்றான் ரூம்மேட். நிஜமாவே விட்டுடலாம்னுதான் இருந்தேன். தூக்கம் வந்தால்தானே! காலையில் கைடிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துட்டு, ‘‘தலைப்பை மாத்து’’ என்றார்.

அப்புறம் தேடினால், நான் கோளாறுன்னு நினைச்சது மற்றவங்களுக்குக் கருவி! 2002-லேயே டீட்டர் ப்ரௌன், ஆல்பர்ட் லிப்ஷேபர் இருவரும் வெப்ப ஓட்டத்தை வெச்சே டி.என்.ஏ-வைச் சிக்க வெச்சிருக்காங்க. சூட்டைக் கண்டு விலகி ஓடும் டி.என்.ஏ-வை ஓட்டம் திருப்பிக் கொண்டுவரும், நடுவில் மாட்டிக்கும். ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் மோரிட்ஸ் க்ரைஸிங் குழு 2018-ல் இன்னும் ஒரு படி மேல. லேசரை விறுவிறுன்னு ஓட்டி, புழுவின் கருமுட்டைக்குள் இருக்கும் திரவத்தையே நகர்த்தி, தலை எது, வால் எது என்பதையே மாத்திட்டாங்க!

வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டது ஒரே கேள்வி. ‘‘ஓட்டம்தான் கொண்டுவந்ததுன்னா, மணி ஏன் அதோட மேலே போகலை?’’

‘‘பாலிஸ்டைரீன் தண்ணியைவிட ஐந்து சதவீதம் கனம் சார். இந்த ஓட்டத்துக்கு அதைத் தூக்கத் தெம்பு இல்லை.’’

தலையாட்டிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தப் பழைய ஸ்பைரல் இன்னும் என் பெட்டியில்தான் கிடக்கு.