மீனெறி தூண்டில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து பத்து காஜா வழியாகத் தஞ்சோங் துவாலாங் வரை போய் வாருங்கள். வழியெல்லாம் குளம் குளமாகத் தண்ணீர் தெரியும். அவை ஈய லம்பங்கள் விட்டுச் சென்ற பள்ளங்கள். 'லொம்போங்' என்ற மலாய்ச் சொல்லைத்தான் நம் பெரியவர்கள் 'லம்பம்' ஆக்கிக்கொண்டார்கள். 1938-ல் கட்டப்பட்டு 1982 வரை ஈயம் தோண்டிய பெரிய கப்பல் ஒன்று அங்கே நினைவுச் சின்னமாக நிற்கிறது. 1985-ல் ஈய விலை சரிந்தது. லம்பங்கள் மூடப்பட்டன, குளங்களில் மீன்கள் குடியேறின.

கரையில் மூங்கில் கழியோடு நம்மவர் ஒருவராவது உட்கார்ந்திருப்பார். கேட்டால், "சும்மா தூண்டில் போடுறேன் தம்பி" என்பார். நாம் தூண்டில் 'போடுகிறோம்'. நம் முன்னோர் மீன் 'எறிந்தார்கள்'!

குறுந்தொகையின் 54-ஆம் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயர் மறைந்துவிட்டது. அவர் சொன்ன உவமையையே பெயராக்கி, 'மீனெறி தூண்டிலார்' என்று அழைத்துவிட்டார்கள். எறிதல் என்றால் வீசுதல் மட்டுமல்ல, அடித்து வீழ்த்துதலும்தான். ஆக, மீனெறி தூண்டில் என்பது மீனை வீழ்த்தும் தூண்டில். விளக்குத் திரியைத் தூண்டுகிறோமே, அந்தத் 'தூண்டு' என்ற சொல்லில் பிறந்ததுதான் தூண்டில்.

உவமையைக் கேளுங்கள். தினைப்புனம் காப்பவர்கள் கவண்கல் வீசுகிறார்கள். அந்தச் சத்தத்தில் மிரண்ட காட்டு யானை, தின்பதற்கு வளைத்த பச்சை மூங்கிலைக் கைவிடுகிறது. மூங்கில் விருட்டென்று நிமிர்கிறது, மீன் சிக்கியதும் சுண்டி எடுத்த தூண்டிலைப் போல! தோட்டத்து ஓடையில் கெளுத்தி பிடித்தவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? நாம் கடந்து வந்த ஊரின் பெயரிலும் யானை இருக்கிறதே. 'காஜா' என்றால் மலாயில் யானைதானே.

அந்தப் பாட்டில் பேசுபவள் ஒரு பெண். தான் இங்கே இருப்பதாகவும், தன் நலம் மட்டும் காதலனோடு அங்கேயே தங்கிவிட்டதாகவும் சொல்கிறாள். தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்த நமக்கும் அவள் சொல் பொருந்துகிறது. நாம் இங்கே, நம் மனமோ பால்மரக் காட்டு ஓடையோரத்தில்.

பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுங்கள். தூண்டில் கட்டவும் கற்றுக் கொடுங்கள். ஆனால் லம்பக் குளங்கள் திடீரென ஆழமாகும், கரை மண்ணும் சரியும். தனியே மட்டும் அனுப்பாதீர்கள்.