ஒரு பெயர், இரண்டு பதில்

திருநெல்வேலி டவுண் ரத வீதியில் நின்று "நெல்லையப்பா!" என்று குரல் கொடுத்தால், நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஊர்ச் சுவாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது இங்கே பழைய வழக்கம். மனிதர்கள் இதைச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். யந்திரங்களுக்குச் சிரிக்கத் தெரியாது.

தாமிரபரணிக் கரைக்கு ஆலைகள் புதிதல்ல. பாபநாசத்துத் தண்ணீரின் பலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பஞ்சாலை ஓடிய சீமை இது. இன்றைய ஆலைகளில் மீட்டரும் மோட்டாரும்கூடப் பேசுகின்றன. பேச்சுக்குப் பாதை, முறுக்கிய இரண்டு கம்பிகள். ஆர்.எஸ். 485 என்று 1983-ல் வகுத்த முறை. ஒரு கம்பியில் மின்னழுத்தம் ஏறினால் மற்றதில் இறங்கும். வெளி இரைச்சலோ இரண்டிலும் ஒன்றுபோல் விழும். வித்தியாசத்தை மட்டும் கவனிக்கும் காதுக்கு அது உறைப்பதில்லை. சுமார் 1,200 மீட்டர் தூரம் செய்தி போகும்.

அந்தக் கம்பியில் பெரும்பாலும் புழங்கும் பாஷை மோட்பஸ். 1979-ல் மோடிகான் என்ற அமெரிக்கக் கம்பெனி கொண்டுவந்தது. அதன் மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கேட்பவன் ஒருவன், அவன் எந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறானோ அந்த எண்காரன் மட்டும் வாய் திறக்கலாம். எண்கள் 1 முதல் 247 வரை. ஒரே எண் இருவருக்கு இருந்தால், இரண்டு பதிலும் மோதி ஒன்றும் விளங்காது.

என் சிநேகிதர் ஒருவர் ஆலை எலெக்ட்ரீஷியன். அவர் பெயரும் ஆலையின் பெயரும் வேண்டாம். புதிய மீட்டர் ஒன்றை இணைத்த அன்று, பழைய மீட்டரும் சேர்ந்து ஊமையாகிவிட்டது. சாமான் விற்றவர்களின் ஆள் வந்து பார்த்தார். கம்பியிலிருந்து சகலத்தையும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கம்பி இழுத்தவர் சிநேகிதர். இருபது வருஷ உத்தியோகம் ஒரு காகிதத்தில் ஊசலாடியது. அவர் வாதாடவில்லை. ராத்திரி விழித்திருந்து விதிப் புத்தகத்தை வாசித்தார். மறுநாள் புதிய மீட்டரின் எண்ணை 1-லிருந்து 2 ஆக மாற்றினார். இரண்டும் பேசின.

"ரெண்டுக்கும் ஒரே நம்பரு, அண்ணாச்சி. புஸ்தகத்துல எல்லாம் போட்டிருக்கு. வாசிக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

'போட்டிருக்கு' என்ற அந்த வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. மோட்பஸ் விதிகளை எவரும் காசில்லாமல் எடுத்துப் படிக்கலாம். அது ஒரு கம்பெனி பூட்டி வைத்த பாஷையாக இருந்திருந்தால், விற்றவர் வாக்கே வேதம், சிநேகிதர் குற்றவாளி. பொதுவில் எழுதி வைத்த விதி, கை வேலைக்காரனுக்கு ஒரு சாட்சி. யார் பக்கம் உத்தியோகம் பெரிது என்று பார்த்து அது பேசுவதில்லை.