பொம்மிடி சாக்ஸுக்குள் இத்தாலி!

டிசம்பர் 24. சென்னையிலிருந்து சேலம் போகும் ரயில் மொரப்பூரைத் தாண்டியதும் ஜன்னலில் சேர்வராயன் மலை தெரிய ஆரம்பிக்கும். அடுத்து பொம்மிடி. பெட்டியில் பாதிப்பேர் அதற்குள் எழுந்து, மேலிருக்கும் பைகளை இறக்கிவிடுவார்கள். சென்னையில் கட்டட வேலைக்குப் போனவர்கள், படிக்கப் போனவர்கள், ஆஸ்பத்திரிகளில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பும் நேரம் அது. பையில் துணிமணி இருக்கும். அதோடு பிள்ளைகளுக்கென்று ஏதாவது ஒரு சின்னப் பொட்டலமும் கட்டாயம் இருக்கும். “என்ன வாங்கியாந்தே?” என்று கேட்கப் போகிற முகங்கள் வாசலிலேயே நிற்குமே!

தர்மபுரி மாவட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் இருக்கும் சின்ன ஊர் பொம்மிடி. அதை ஒட்டிய பி.பள்ளிப்பட்டியில் லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது. (இதே வட்டாரத்தில் ஏ.பள்ளிப்பட்டியும் உண்டு. பஸ் ஏறும்போது முதலெழுத்தைச் சரியாகச் சொல்லாவிட்டால் வேறு ஊரில் இறங்க வேண்டியதுதான்.) பிப்ரவரி 11 லூர்து அன்னையின் திருநாள். ஆனால் பிள்ளைகளைக் கேட்டால் டிசம்பரைத்தான் சொல்வார்கள். காரணம், கிறிஸ்துமஸ் தாத்தா.

தமிழ்நாட்டின் கிறிஸ்தவ ஊர்களில் தாத்தா வரும் விதமே தனி. இங்கே புகைபோக்கியும் கிடையாது, பனிச்சறுக்கு வண்டியும் கிடையாது. டிரம்ஸும் கீபோர்டுமாக கேரல் குழு தெருத்தெருவாக வரும். உள்ளூர் இளைஞர் ஒருவர் சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியுமாக, முகமூடிக்குள் வியர்த்து வழிய ஆடிக்கொண்டே வருவார். தோளில் தொங்கும் பையில் கைவிட்டு ஒரு பிடி மிட்டாயை வாரி இறைப்பார். கீழே விழுந்ததைப் பொறுக்க நடக்கும் தள்ளுமுள்ளில் சாதி, மதம், கட்சி எதுவும் பார்ப்பதில்லை. பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போகிற பையனும் அந்தக் கூட்டத்தில் இருப்பான்.

அந்த மிட்டாய் எந்த ஊர்ச் சரக்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஆச்சரியம் காத்திருக்கிறது. பெட்டிக்கடை பாட்டிலில் இருக்கும் ஆல்பென்லீபே இத்தாலிய நிறுவனத்தின் மிட்டாய்! பெயர் மட்டும் ஜெர்மன். ‘ஆல்ப்ஸ் மலையின் அன்பு’ என்று பொருள். 1946-ல் மிலான் நகருக்குப் பக்கத்தில் லைனாத்தே என்ற ஊரில் பெர்ஃபெட்டி சகோதரர்கள் தொடங்கிய மிட்டாய்க் கம்பெனிதான், பிறகு நெதர்லாந்தின் வான் மெல்லேயைச் சேர்த்துக்கொண்டு பெர்ஃபெட்டி வான் மெல்லே ஆனது. சென்டர் ஃபிரெஷ்ஷும் அவர்களுடையதுதான். சில்லறை இல்லையென்று கடைக்காரர் கையில் திணிக்கிறாரே, அந்த மிட்டாய்க்குப் பூர்வீகம் இத்தாலி.

கடை வாசலில் தொங்கும் கிண்டர் ஜாய்? அதுவும் இத்தாலிதான். அல்பா என்ற சிற்றூரில் பியெத்ரோ ஃபெர்ரேரோ தொடங்கிய நிறுவனம். அதுவும் 1946! போர் முடிந்து, கோகோ கிடைக்காமல் திண்டாடிய நாட்கள். அந்தப் பக்கத்தில் ஹேசல்நட் என்ற கொட்டை நிறைய விளையும். கொஞ்சம் கோகோவில் நிறையக் கொட்டையை அரைத்துக் கலந்து ஒப்பேற்றினார் அவர். பஞ்சத்துக்குச் செய்த அந்தப் பண்டத்தின் வழியில்தான் இன்று தங்கத்தாள் சுற்றிய ஃபெர்ரேரோ ரோஷர் கல்யாண வீட்டுத் தட்டு வரைக்கும் வந்திருக்கிறது.

சரி, சாக்ஸுக்குள் பரிசு போடும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அந்தக் கதையிலும் இத்தாலிக்குப் பங்கு உண்டு. இன்றைய துருக்கியில் இருக்கும் மீராவில் ஆயராக இருந்தவர் புனித நிக்கோலாஸ். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாமல் தவித்த ஒரு தகப்பனின் வீட்டுக்குள், ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பொற்காசுகளைப் போட்டார் என்பது அவரைப் பற்றிய கதை. காயப்போட்டிருந்த காலுறைக்குள் காசு விழுந்தது என்று பிற்காலத்தில் சேர்ந்துகொண்டது. நகைக்கடை விளம்பரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நம்மூர் தகப்பன்மாருக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிக்கோலாஸின் திருப்பண்டங்களை 1087-ல் கடல் வழியாகக் கொண்டுபோய் வைத்த நகரம் இத்தாலியின் பாரி. சாக்ஸின் நுனியில் ஆரஞ்சுப் பழம் வைப்பது அந்தப் பொற்காசின் நினைவாகத்தான் என்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. இத்தாலியப் பிள்ளைகளுக்கு சாக்ஸ் நிரம்புவது கிறிஸ்துமஸ் ராத்திரியில் அல்ல. ஜனவரி 5 ராத்திரி. நிரப்புவதும் தாத்தா இல்லை, பாட்டி! பெஃபானா என்ற கிழவி துடைப்பத்தில் ஏறி வருவாளாம். மறுநாள் மூன்று ராஜாக்கள் திருநாள். நல்ல பிள்ளைக்கு உலர்ந்த அத்தி, வால்நட், ஆரஞ்சு, சாக்லேட். குறும்புக்காரப் பிள்ளைக்குக் கரி! அந்தக் கரியும் கறுப்புச் சர்க்கரையில் செய்த மிட்டாய்தான். தண்டனையையும் தின்று தீர்த்துவிடலாம்.

இப்போது உலகம் முழுக்க ‘இத்தாலியச் சின்னப் பரிசுகள்’ என்று விற்பவற்றில் இந்தக் கரிமிட்டாய் முதல், உள்ளங்கையளவு பானெத்தோனே வரை எல்லாம் உண்டு. பானெத்தோனே மிலானின் கிறிஸ்துமஸ் ரொட்டி. உலர்திராட்சையும் பழத்துண்டுகளும் போட்டு, மாவைப் பல மணி நேரம் புளிக்க வைத்து, வெந்ததும் அமுங்கிவிடாமல் இருக்கத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆறவைப்பார்கள். கிரெமோனா ஊரின் தொர்ரோனே தேனும் முட்டை வெள்ளையும் பாதாமும் சேர்ந்த வெள்ளை மிட்டாய். க்ரொக்காந்தே என்று ஒன்று; சர்க்கரைப் பாகில் பாதாமைக் கொட்டிக் கிளறித் துண்டு போட்டது. பாதாமுக்குப் பதில் வேர்க்கடலை, சர்க்கரைக்குப் பதில் வெல்லம் என்று மாற்றிக்கொண்டால் அதற்கு நம்மூரில் என்ன பெயர் என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும்.

இவை பெருநகர மால்களில் கிடைக்கும். அழகான தகர டப்பாவில், சிவப்பு ரிப்பன் கட்டி இருக்கும். விலைச் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வரும் கைகளும் அங்கே உண்டு. அந்தக் கைகளில் சில, பொம்மிடி ரயிலேறும் கைகள்.

வைத்துவிட்டு வந்ததில் குறை ஒன்றுமில்லை. அந்த டப்பாவுக்குள் இருப்பதில் ஒரு பங்கு இங்கிருந்து போனதாகவே இருக்கலாம். பொம்மிடிக்கு மேலே நிற்கும் சேர்வராயன் மலையில் 1820-களில் காப்பி பயிரிட்டவர் அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன். ஏற்காட்டின் கிரேஞ்ச் எஸ்டேட்டில் தொடங்கியது அது. இன்று இந்தியக் காப்பிக்கொட்டையை அதிகம் வாங்கும் நாடு இத்தாலி. எஸ்பிரெஸ்ஸோவின் மேல் மிதக்கும் அந்தப் பொன்னிற நுரைக்கு இந்திய ரொபஸ்டா கைகொடுக்கிறது. ஏற்காட்டில் விளைவது பெரும்பாலும் அரபிகா. சில்வர் ஓக் நிழலில் காப்பி, அந்த மரத்தையே பற்றிக்கொண்டு ஏறும் மிளகு. மலைச்சரிவில் ஆரஞ்சும் உண்டு.

மிளகு என்றதும் சியன்னா நகரத்தின் பான்ஃபோர்த்தேவைச் சொல்லாமல் விட முடியாது. பாதாம், தேன், சர்க்கரையில் ஊறவைத்த பழத்தோல், லவங்கப்பட்டை, கிராம்பு, கொத்தமல்லி எல்லாம் சேர்ந்த கெட்டியான கிறிஸ்துமஸ் பண்டம். அதன் பழைய வடிவத்துக்குப் பெயரே ‘மிளகு ரொட்டி’. 13-ம் நூற்றாண்டிலேயே அங்கே செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்கு மிளகு போன வழி கேரளக் கரை, அரபுக் கடல், எகிப்து, வெனிஸ். மிளகைப் பொங்கலிலும் ரசத்திலும் மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் இனிப்பில் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். வெல்லப்பாகில் கடலை உருண்டை பிடிக்கும்போது சுக்கோடு ஒரு சிட்டிகை மிளகுத்தூள் சேர்த்தால் போதும், டிசம்பர் குளிருக்குத் தொண்டைக்கு இதமாக இருக்கும்.

தெற்கே தூத்துக்குடிப் பக்கம் போய் வருகிறவர்கள் வாங்கிவரும் மக்ரூனின் கதையும் இப்படித்தான். அந்தச் சொல்லின் வேர் இத்தாலிய மொழியில் இருக்கிறது. பாதாம் போட்டுச் செய்த பண்டம் கப்பலேறி வந்து, தூத்துக்குடியில் முந்திரிக்கு மாறிக்கொண்டது. பேக்கரி பிளம் கேக்கில் சிவப்பும் பச்சையுமாகச் சிரிக்கும் டூட்டி ஃப்ரூட்டி? இத்தாலிய மொழியில் ‘எல்லாப் பழங்களும்’ என்று பொருள். உண்மையில் அதில் இருப்பது ஒரே காய். சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய்!

இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு வந்த முதல் இத்தாலியர்களில் ஒருவர், இதில் எதையும் கொண்டுவரவில்லை. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, 1623-ல் சேலம் வரை வந்தார். காவி உடுத்தி, தமிழ் பேசி, மாமிசம் தவிர்த்து, இங்கத்திய சோறும் காய்கறியுமே சாப்பிட்டு வாழ்ந்தார்.

பள்ளிப்பட்டிப் பிள்ளைகளிடம் தொங்கவிடுவதற்குக் கம்பளி சாக்ஸ் ஏது? பள்ளிக்கூடத்து வெள்ளை சாக்ஸ்தான். அரையாண்டுப் பரீட்சை முடிந்து, துவைத்துக் காயப்போட்டது. அதற்குள் என்ன வைக்கலாம்? தர்மபுரி புளிக்குப் பெயர்போன மாவட்டம். வெல்லமும் உப்பும் மிளகாயும் இடித்து உருட்டிய புளி மிட்டாய் வைக்கலாம். மாம்பழச் சாற்றை வெயிலில் தாள்தாளாகக் காயவைத்துச் சுருட்டியது, எள்ளுருண்டை, சாமை முறுக்கு, நுனியில் ஒரு மலை ஆரஞ்சு. பெரியவர்களுக்கு நூறு கிராம் காப்பித்தூள் பொட்டலம். அன்றைக்கு அரைத்ததாக இருந்தால் சாக்ஸை எங்கே மறைத்தாலும் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். எல்லாமே ஒரு சினிமா டிக்கெட் காசுக்குள் அடங்கும்.

மறுநாள் காலையில் பலகாரத் தட்டுகள் கிளம்பும். அதிரசம், அச்சு முறுக்கு, குல்குல், ஒரு துண்டு கேக். தீபாவளிக்குத் தட்டு வந்த வீடுகளுக்கெல்லாம் இப்போது இங்கிருந்து போக வேண்டும். தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லை. அந்த வீட்டம்மா உள்ளே போய், ஒரு கரண்டி சர்க்கரையைத் தட்டில் போட்டுக் கொடுப்பார். அவசரத்தில் சர்க்கரை டப்பா கைக்கு அகப்படாவிட்டால், அலமாரியில் கிடக்கும் மிட்டாயில் நாலை எடுத்து வைப்பார். முந்தின ராத்திரி தாத்தா வீசியபோது அவர் மகன் பொறுக்கி வந்த மிட்டாய் அது.