பிற்கால நடை

ஸ்டைல் என்பதற்குத் தமிழில் நடை என்கிறோம். வாக்கியத்துக்கும் அதுதான், மனிதன் தெருவில் போவதற்கும் அதுதான். இந்த வசதியை நம் விமர்சகர்கள் சரிவரப் பயன்படுத்திக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒருவனுடைய உரைநடையைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுகிறவர்கள் அவன் எப்படி நடந்தான் என்று ஒரு வரி எழுதுவதில்லை. நானும் அவர்களில் ஒருவன்தான். போடிநாயக்கனூரில் ஏழு வருஷம் என் பக்கத்துக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரைப் பற்றி எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். அவர் ஒரு வரிகூட எழுதாதவர், இலக்கியப் பத்திரிகையில் அவருக்கென்ன இடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது வெறும் சாக்கு.

2012-ல் எழுத்தர் பரீட்சை தேறி அந்த ஊருக்குப் போனேன். பேங்கின் பெயரும் அவர் பெயரும் வேண்டாம். மதுரையிலிருந்து வருகிற மீட்டர்கேஜ் பாதையை அகலமாக்குவதற்கென்று 2010 கடைசியில் மூடியிருந்தார்கள். திரும்பவும் போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூனில். ஆக, நான் இருந்த காலம் முழுவதும் ஊரில் ஸ்டேஷன் இருந்தது, ரயில் இல்லை. மேற்கே பார்த்தால் மலை. உள்ளே நுழைந்தால் ரூபாய் நோட்டில் ஏலக்காய் வாசனை. ஏலத்தையே ஏலம் விடுகிற ஊர் இது ஒன்றுதான் தம்பி என்பார் அவர், புதிதாக மாற்றலாகி வருகிற எல்லோரிடமும். 2007-ல் கம்ப்யூட்டர் ஏலம் வந்த பிறகு கூவுகிற சத்தமும் போய்விட்டது என்பதையும் சேர்த்துக்கொள்வார்.

அவர் ஹெட் கேஷியர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வெள்ளை, இல்லாவிட்டால் வெளிர்நீல முழுக்கைச் சட்டை. முழங்கைக்குக் கீழே இரண்டே மடிப்பு, மூன்றாவது மடிப்பு கிடையாது. சட்டையை இன் பண்ணியிருப்பார். சாவி கொடுக்கிற ஹெச்.எம்.டி. கடிகாரம். தயாரிப்பு நின்று பல வருஷம் ஆகியிருந்த யமஹா ஆர்.எக்ஸ். 100, நேற்று ஷோரூமிலிருந்து வந்த மாதிரி. இதெல்லாம் பணம் இருந்தால் யாருக்கும் முடியும். அவர் எண்ணுவதுதான் யாருக்கும் வராது. மிஷின் எண்ணி முடித்த கட்டைக் கையில் வாங்கி விசிறி மாதிரி விரித்து ஒரு தடவை பார்ப்பார். எச்சில் தொட்டு எண்ணுகிறவனைத் திட்டமாட்டார். அவன் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார், அவனாக நிறுத்தும்வரை. கிழிந்த நோட்டு அவர் கவுண்டரிலிருந்து வெளியே போனதில்லை. விடிகிறதற்கு முன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவு தாண்டி, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் காய் எடுக்கப் போகிற பெண்கள் பணம் எடுக்க வந்தால் இன்னும் ஜாக்கிரதை. “அவங்க கிழிசலை மாத்த இன்னொரு நாள் கூலிய விட்டுட்டு வரணும்ப்பா.”

குடியைப் பற்றி எழுதாமல் இவரைப் பற்றி எழுத முடியாது. 2015 செப்டம்பரில் இரண்டாவது, நாலாவது சனிக்கிழமைகள் விடுமுறையாகும்வரை எல்லாச் சனிக்கிழமையும் எங்களுக்கு அரைநாள் வேலை. மூன்று மணிக்கு வண்டி மலை ஏறும். டாஸ்மாக் பாரில் உட்காரமாட்டார். பிளாஸ்டிக் டம்ளரைத் தொடமாட்டார். ஈரிழைத் துண்டில் சுற்றி இரண்டு கண்ணாடி டம்ளர் எப்போதும் வண்டிப் பெட்டிக்குள் இருக்கும். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்குத் தெரிந்தவர்களுடைய தோட்டத்து ஸ்டோர் ஒன்று. ஸ்டோர் என்றால் கடை அல்ல, பச்சைக்காயை உலர்த்துகிற கட்டிடம். உள்ளே ராவும் பகலும் சூடு ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாக வற்றும். வெளியே பனி இறங்கும்; நாங்கள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவோம். தொட்டுக்கொள்ள மாங்காயும் மிளகுத்தூள் போட்ட முட்டையும். நாலைந்து பேர் சேருவார்கள், சீட்டு நடக்கும், இளையராஜா நடக்கும். பண்ணைப்புரம் அதே மாவட்டத்தில் இருப்பதால் எல்லோருமே அவருக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி பேசுவார்கள்.

நான் அங்கே இலக்கியம் பேசினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. எலியட் 1917-லிருந்து 1925 வரை லாய்ட்ஸ் பேங்கில் வேலை பார்த்தார் என்று சொன்னேன். “எந்த செக்ஷன்?” என்று கேட்டார். வெளிநாட்டுப் பிரிவு என்றேன். “அதான். கேஷ்ல போட்டிருந்தா கவிதையும் வந்திருக்காது, டாலியும் ஆகியிருக்காது.” பக்கத்து வத்தலக்குண்டுக்காரர் சி.சு. செல்லப்பா, புத்தகங்களைத் தானே சுமந்துபோய்க் காலேஜ் காலேஜாக விற்றதைச் சொன்னபோது மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “சட்டை எப்படிப் போட்டிருப்பாரு?” என்றார். நான் சிரித்தேன். அது சரியான கேள்வி என்று இப்போது படுகிறது.

2016 நவம்பர் 8-ந் தேதி ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று ஆயிற்று. 10-ந் தேதி கதவைத் திறந்தோம். அந்த வாரம் சனி ஞாயிறும் கிடையாது. காய்ப் பருவம் வேறு. தோட்டக் கூலி முழுக்க ரொக்கம். கையில் இருந்தது இரண்டாயிரம் ரூபாய் நோட்டு, மலையில் எவனிடமும் சில்லறை இல்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு என் கணக்கில் எட்டாயிரம் குறைந்தது. பசை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த புது நோட்டு எங்கோ நாலு கூடுதலாகப் போயிருக்கிறது. குறைந்ததை அன்றைக்கே கேஷியர் கட்டியாக வேண்டும். என் பையில் அறுநூறு ரூபாய். நான் நாலாவது தடவையாக எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் வந்து கட்டை வாங்கி, தன் மேஜையில் வைத்து எண்ணிவிட்டுத் திரும்பக் கொடுத்தார். “சரியா இருக்கு. நீ ஒட்டினதைப் பாக்கல.”

சரியாக இருந்தது. ஆனால் என் கட்டு தொடர் எண். அதில் நாலு நோட்டு வேறு வரிசை. பார்த்த உடனே தெரிந்தது. வாரத்துக்கு இருபத்து நாலாயிரம்தான் எடுக்கலாம் என்றிருந்த சமயம், அதில் எட்டாயிரம். தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பணத்தை நீட்டியபோது, “பணமா வேண்டாம், சனிக்கிழமை பாத்துக்கலாம்” என்றார்.

அப்படியே பார்த்துக்கொண்டோம். எட்டாயிரத்தை பாட்டில்களாகத் திருப்பிக் கொடுத்தேன். சுப்ரீம் கோர்ட் உத்தரவின்படி 2017 ஏப்ரலில் நெடுஞ்சாலைக் கடைகள் உள்ளே நகர்ந்தபோது, கடை எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்து வாங்கிக்கொண்டு போனவனும் நான்தான். கணக்கு அந்தச் சித்திரைக்குள் நேராகியிருக்கும். நான் நிறுத்தவில்லை.

2018 கோடையில் அவருடைய உடையில் மாறுதல் தெரிந்தது. முதலில் கை மடிப்பு போயிற்று, மணிக்கட்டுவரை பட்டன். பிறகு கவுண்டருக்குள்ளேயே லேசான பழுப்புக் கூலிங் கிளாஸ். லைட் கூசுகிறது என்றார். அப்புறம் இன் பண்ணுவதை விட்டு, தொளதொளவென்று லினன் சட்டையை வெளியே விட ஆரம்பித்தார். நன்றாகத்தான் இருந்தது. கிளையில் எல்லோரும் சொன்னோம், எம்.ஜி.ஆர். என்றுகூட ஒருவர் சொன்னார். எனக்கு அது போதவில்லை. எட்வர்ட் சயித் இறந்தபின் 2006-ல் வந்த புத்தகம் ஒன்று, கலைஞர்களின் பிற்கால நடை பற்றியது, அப்போதுதான் படித்திருந்தேன். முதிர்ச்சி என்பது இசைவாகவும் நிறைவாகவும்தான் வரவேண்டும் என்பதில்லை, முரணாகவும் முடியாமலும் வரலாம் என்கிற விஷயம். ஸ்டோர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு, இது உங்க பிற்கால நடை அண்ணே என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினேன். பட்டனையும் கண்ணாடியையும் சட்டையையும் தனித்தனியாக எடுத்து விளக்கினேன். ரசித்துக் கேட்டார். “எழுது, எழுது” என்றார். அன்றைக்கும் பாட்டில் என்னுடையதுதான்.

2019 ஆகஸ்டில் இறந்துபோனார். அந்த மாத ஆரம்பத்தில்தான் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ ஏழாயிரம் ரூபாய் தொட்டது. முந்தின வருஷ வெள்ளத்தில் செடி போய்விட்டதால் வந்த விலை. காய் வைத்திருந்தவனுக்குத்தான் கொண்டாட்டம். துஷ்டி வீட்டுத் திண்ணையிலும் அதே பேச்சு.

பதினாறு முடிந்து போனேன். மதினி தண்ணீர் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். நான் ஏதோ கேட்கப்போக அவராகச் சொன்னார். “கண்ணு மஞ்சளாத் தெரியுதுன்னுதான் தம்பி அந்தக் கண்ணாடிய வாங்கினாரு. உடம்பெல்லாம் ஒரே அரிப்பு, கையெல்லாம் சொறிஞ்ச தடம். வயித்துல தண்ணி கோத்துக்கிச்சு, பெல்ட்டு போட முடியல. உங்ககிட்டச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். நீங்கதான கூடவே இருந்தீங்க.”

அண்ணனுக்கு எட்டாயிரம் தரவேண்டியிருந்தது என்று கவரை நீட்டினேன். பதினாறு ஐநூறு ரூபாய் நோட்டு. வேண்டாம் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. வாங்கிக்கொண்டார். விசிறி மாதிரி விரித்துப் பார்த்தார், அவர் பார்க்கிற அதே மாதிரி. பிறகு ஒன்றை மட்டும் உருவி என்னிடம் கொடுத்தார். மூலையில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது.

“இதை மட்டும் மாத்திக் குடுங்க தம்பி.”

பர்ஸிலிருந்து வேறு எடுத்துக் கொடுத்தேன்.