‘இந்த ஒரு வயலை முடிச்சிடலாம்!’

மாசி மாதம். தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாடு பக்கம் சம்பா அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் கட்டும் வேலை மும்முரமாக நடக்கும் காலம். அங்கே மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், பழைய டிராக்டர் ஒன்றைக் கடன் போட்டு வாங்கியிருந்தார். பேலரை வாடகைக்கு எடுத்து மாட்டி, அக்கம்பக்கத்து வயல்களில் வைக்கோல் கட்டிக் கொடுப்பார். ஓட்டுவது அவருடைய அக்கா மகன். அந்தச் சில வாரத்து வருமானத்தில்தான் டிராக்டர் தவணை அடைய வேண்டும்.

ஒருநாள் மதியம். ‘‘மாமா, சூடு முள்ளு சிவப்புக்குப் போகுது. நிறுத்திப் பாத்துடுவோமா?’’ என்று கேட்டான் பையன்.

‘‘இந்த ஒரு வயலை முடிச்சிடலாம் மாப்ள. அடுத்த வயக்காரர் காத்துக்கிட்டு இருக்கார்.’’

பாதி வயல் தாண்டுவதற்குள் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. இன்ஜினை நிறுத்திய கையோடு, ஈரச் சாக்கை மடித்துப் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திருகினான் பையன். கொதிநீர் பீய்ச்சி அடித்தது. வலது கை முழங்கை வரை வெந்துபோனது. முகம் தப்பியது பெரிய விஷயம்.

ஓடி வந்தவர்களில் ஒருவர் பேனா மையை ஊற்றச் சொன்னார். இன்னொருவர் பற்பசை பூசச் சொன்னார். சோறு கொண்டு வந்திருந்த அத்தை எதையும் காதில் வாங்கவில்லை. பக்கத்து போர்செட்டில் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கையைப் பிடித்திருந்து, சுத்தமான துணியால் தளர்வாக மூடி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். செய்ய வேண்டிய முதலுதவி அதுதான்.

மறுநாள் மெக்கானிக் வந்தார். ‘‘ஐயா, இது நேத்து வந்த கோளாறு இல்லீங்க’’ என்று ஆரம்பித்தார்.

ரேடியேட்டரின் முன்பக்கம் வைக்கோல் தூசி மெத்தைபோல அப்பியிருந்தது. காற்று உள்ளே போக வழியில்லை. உள்ளே பார்த்தால், வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதுபோல வெள்ளை உப்பு. ‘தண்ணி இருக்கும்போது கூலன்டுக்கு எதுக்குக் காசு?’ என்று போர் தண்ணீரையே ஊற்றி வந்ததன் பலன் அது. அந்த உப்பு குழாய்களை அடைத்துவிட்டது. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ‘நம்ம ஊரு வெயிலுக்கு இது வேண்டாம்’ என்று முன்பு யாரோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

‘‘அடைப்புக்கு வைத்தியம் பாக்காம, இதைக் கழட்டி நோயை மறைச்சிட்டாங்க. தெர்மோஸ்டாட் இல்லேன்னா இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். டீசலும் கூடச் செலவாகும், தேய்மானமும் அதிகம்’’ என்றார் மெக்கானிக்.

மூடி விஷயத்தையும் அவரே விளக்கினார். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், அங்கே 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடுகிறது. அந்த நொடியே தண்ணீர் கொதித்து வெளியே பாய்கிறது. சாக்கும் துணியும் அதைத் தடுக்காது.

இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ போல மாறியிருந்தது. ஹெட் கேஸ்கெட் போய், தண்ணீர் ஆயிலில் கலந்ததற்கான அடையாளம் அது. ஹெட்டைக் கழற்றி, சமன் செய்து, புது கேஸ்கெட் போட்டு வண்டி வெளியே வருவதற்குள் வைக்கோல் சீசன் முடிந்துவிட்டது. பேலர் வாடகையைக் கொடுத்தாக வேண்டும். அத்தை வளர்த்த இரண்டு ஆடுகள் கைமாறின.

‘‘நீ சொன்னப்பவே நிறுத்தியிருக்கணும் மாப்ள’’ என்றார் மாமா.

‘‘மூடியில கை வச்சது நான்தானே மாமா’’ என்றான் அவன்.

இப்போது அந்த வீட்டில் சில பழக்கங்கள் மாறியிருக்கின்றன. தினமும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போதே கூலன்ட் அளவு, ஹோஸ் கசிவு, ஃபேன் பெல்ட் தொய்வு மூன்றையும் பார்த்துவிடுகிறார்கள். வைக்கோல் வேலை நடக்கும் நாட்களில் மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, வலையில் படிந்த தூசியைத் தட்டுகிறார்கள். ரேடியேட்டரை இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான காற்றால் ஊதுகிறார்கள். வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கூலன்டைக் கேனில் போட்டிருக்கும் அளவுப்படி, உப்பில்லாத டிஸ்டில்டு வாட்டரில் கலக்கிறார்கள். கலந்தே விற்கும் கூலன்ட் என்றால் தண்ணீர் சேர்ப்பதில்லை. வடித்த பழைய கூலன்டை வாய்க்காலிலோ தரையிலோ விடுவதில்லை. அது இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கும். சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும் விஷம் அது. கேனில் அடைத்து மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

முள் ஏறினால் உடனே வேலையை நிறுத்துகிறார்கள். ஆவி வந்தால் இன்ஜினையே நிறுத்திவிட்டு, நன்றாக ஆறும்வரை மூடி பக்கம் போவதில்லை. கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் இல்லை. ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். காருக்கும் லோடு வேனுக்கும் இதே கணக்குதான்.

இந்த மாசியிலும் பையன்தான் ஓட்டினான். கையில் தழும்பு இருக்கிறது, விரல்கள் நன்றாக மடங்குகின்றன. ஒரு மதியம் முள் பாதியைத் தாண்டியதும், கேட்காமலே வண்டியை ஓரம் கட்டினான். வரப்பில் நின்ற அடுத்த வயல்காரர், ‘‘இன்னும் ரெண்டு சுத்துதானே?’’ என்று இழுத்தார்.

‘‘இருக்கட்டும்யா, ஆறட்டும்’’ என்று தூசி தட்டும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார் மாமா.