வாத்து பன்றியான கதை

வகுப்பிலே ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் உபாத்தியாயர் தயங்கலாகாது என்பது நம் தொழிலில் எழுதாத சட்டம். இருபது வருஷ காலமாக அந்தச் சட்டத்துக்கு அடங்கி நடந்து வந்த நாம், சென்ற மாதம் ஒரு பன்றிக்காலில் இடறி விழுந்தோம்.

ஷேக்ஸ்பியரின் 'வின்டர்ஸ் டேல்' என்னும் நாடகத்தை வாசித்துக் கொண்டிருந்தோம். 1611-ஆம் ஆண்டிலே லண்டனில் நடிக்கப்பெற்ற நாடகம் அது. அதில் ஆட்டோலிகஸ் என்று ஒரு ஜேப்படிக்காரன் வருகிறான். பாட்டைக் கற்றுக்கொள்ளும் ஆவலில் நின்ற இடத்தை விட்டு அசையாத ஒரு பட்டிக்காட்டானைப் பற்றிப் பேசும்போது, அவன் கால்களை அவன் 'பெட்டிடோஸ்' என்று ஏளனமாகக் குறிப்பிடுகிறான். அதற்கு என்ன பொருள் என்று மாணாக்கர் கேட்டனர்.

நமக்கா தெரியாது? 'பெட்டி' என்றால் அற்பம், சிறியது (நம் வீட்டுப் பெட்டி அன்று). 'டோ' என்றால் கால்விரல். இரண்டையும் கூட்டினால் சின்னக் கால்விரல். அதாவது பன்றிக்குட்டியின் பாதம். கேலியாக மனிதன் பாதம். கரும்பலகையில் கூட்டல் குறி போட்டே எழுதிக் காட்டினோம். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து, "பன்றிக்குக் குளம்புதானே ஸார், விரல் ஏது?" என்றான். "உட்காரப்பா" என்றோம். உட்கார்ந்தான்.

பையன் உட்கார்ந்துவிட்டான், கேள்வி உட்காரவில்லை. மாலையில் அகராதிகளைப் புரட்டினோம். டாக்டர் ஜான்ஸன் 1755-இல் வெளியிட்ட அகராதி நம் கட்சியிலேயே இருந்தது. அவரும் அதே இரு சொற்களைத்தான் கூட்டியிருக்கிறார். பெரியவர் துணைக்கு இருக்கிறார் என்று அத்தோடு புத்தகத்தை மூடியிருக்கலாம். மூடாததுதான் வினை.

பிற்காலத்துச் சொல்லாராய்ச்சிக்காரர் பெரும்பாலோர் கொள்ளும் முடிவு வேறு. பதினாறாம் நூற்றாண்டில் இந்தச் சொல்லுக்குக் கால் என்பது மட்டுமே பொருளில்லை. ஈரல், இருதயம் முதலிய உள்ளுறுப்புகளையும் கழித்து எடுத்த சில்லறை இறைச்சியையும் குறித்தது. அதன் பிறப்பிடம் பிரான்ஸ். பிரெஞ்சு மொழியில் 'பெத்தித்' என்றால் சிறிய. 'ஓய்' என்று அந்நாளில் எழுதப்பட்ட சொல்லுக்குப் பெருவாத்து என்று பொருள். பெருவாத்தை நறுக்கும்போது தனியே எடுத்து வைக்கும் தலை, கழுத்து, இறக்கை நுனி, கால், ஈரல் எல்லாம் சேர்ந்து 'சிறு வாத்து'. முதற்சொல்லின் ஈற்று மெய்மேல் அடுத்த சொல்லின் உயிர் ஏறியது. நம் புணர்ச்சி இலக்கணம் படித்தவருக்கு இதில் வியப்பில்லை. ஏறிய பிறகு ஆங்கிலேயன் காதில் அது தன் வீட்டுக் கால்விரலாகவே கேட்டது. வாத்து பறந்துவிட்டது, விரல் மிஞ்சியது. விரல் என்றான பிறகு, சில்லறை இறைச்சியில் கால் ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு அங்கே என்ன வேலை?

ஆயினும் அடுப்பங்கரை அவ்வளவு சீக்கிரம் மறக்கவில்லை. ஹன்னா கிளாஸ் அம்மையார் 1747-இல் வெளியிட்ட சமையல் நூலிலும், பீட்டன் அம்மையார் 1861-இல் வெளியிட்ட நூலிலும் இந்தப் பன்றிக்கால் பக்குவம் இருக்கிறது. இரண்டிலும் காலோடு கூட ஈரலும் இருதயமும் பாத்திரத்தில் வேகின்றன. பண்டிதர் மறந்த பழைய பொருளைச் சமையற்காரி சட்டியில் போட்டுக் காப்பாற்றி வந்திருக்கிறாள்.

பிரான்ஸிலோ அந்தச் சிறு வாத்து வேறு வழியே போயிற்று. முக்கியமான பொருளோடு ஒட்டி வரும் சில்லறைகள் என்ற கருத்திலே, உடுப்புக்கு அலங்காரமாகும் நாடா, கையுறை முதலியவற்றுக்கும் அந்தப் பெயர் வந்தது. மோலியேர் 1659-இல் மேடையேற்றிய ஒரு நகைச்சுவை நாடகத்தில், பிரபு வேஷம் போட்ட வேலைக்காரன் தன் நாடாக்களைப் பெண்களிடம் காட்டிப் பெருமையடிக்கும்போது இந்தச் சொல்லைத்தான் சொல்லுகிறான். ஒரே சொல், கடலுக்கு அந்தப் பக்கம் பட்டு நாடா, இந்தப் பக்கம் பன்றிக்கால்! 1913-இல் பியாட்ரிக்ஸ் பாட்டர் எழுதிய குழந்தைக் கதையிலே எட்டுக் குட்டிகளின் தாயான பன்றிக்கே 'ஆன்ட் பெட்டிடோஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்.

இதற்கு முந்தின வாரந்தான், சென்னை ஹாமில்டன் பாலத்தின் கதையைச் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்திருந்தோம். அந்தப் பெயர் நம்மவர் வாயில் 'அம்பட்டன் வாராவதி' ஆயிற்று என்பதும், அதை வெள்ளைக்காரர் திரும்ப மொழிபெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' ஆக்கினர் என்பதும் ஊரறிந்த கதை. பின்னாளில் அது அம்பேத்கர் பாலமாயிற்று. படியாதவர் காது அப்படித்தான் கேட்கும் என்று அன்று ஒரு வார்த்தை கூடுதலாகவும் சொல்லியிருந்தோம். ஜான்ஸன் படியாதவரா? நாம்தான் படியாதவரா?

மறுநாள் வகுப்புக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. நேற்றுச் சொன்னது தவறு என்று தொடங்கி, வாத்தின் கதை முழுவதையும் சொன்னோம். பன்றிக்குக் காலுக்கு நான்கு விரல் உண்டு. குளம்பு என்பது அவற்றின் நகமே என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே பையன் கட்சியும் முழு வெற்றியில்லை. ஆனாலும் அவனைத்தான் கூப்பிட்டுக் கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதச் சொன்னோம். சாக்கட்டியை வாங்கிக்கொண்டு வெகு கம்பீரமாக எழுதினான். ஒரு எழுத்துக் குறைந்தது. அன்றைய தினம் அதைத் திருத்த நமக்குத் துணிவு வரவில்லை.