பிரிட்ஜின் பின்விளிம்பு

வயலின் குதிரையை யாரும் பசை போட்டு ஒட்டுவதில்லை. தந்திகள் அதன் மேலேறிக் கடந்து மறுபக்கம் இறங்குவதால், அவற்றின் இழுப்பே அதை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அகூஸ்டிக் கிட்டாருக்கு அந்த வசதி கிடையாது. தந்தியின் நுனியை அதன் குதிரையான பிரிட்ஜிலேயே, ‘பின்’ எனும் சிறு முளையைச் செருகி மாட்டுகிறோம். மெல்லிய லைட் கேஜ் தந்தியே ஆனாலும், ஆறும் சுருதி சேர்ந்து நிற்கையில் மொத்த இழுப்பு சுமார் 70 கிலோ. தாங்கும் மேற்பலகையோ 3 மில்லிமீட்டரை ஒட்டிய ஸ்ப்ரூஸ். இரவும் பகலும் அந்த இழுப்பு பிரிட்ஜை முன்பக்கம் கவிழ்த்து, அதன் பின்விளிம்பைத் தூக்கப் பார்க்கிறது.

இவ்வளவு பாரம் தாங்கும் பிரிட்ஜை, கிட்டார் முழுக்க முடிந்து, லாக்கர் அடித்து, மெருகேற்றிய பிறகுதான் ஒட்டுகிறோம். முன்பே ஒட்டிவிட்டால் பிரிட்ஜைச் சுற்றி லாக்கரைச் சமமாகத் தேய்க்க முடியாது. ஆனால் பசை பிடிக்க வேண்டியது மரத்தை. லாக்கரின் மேல் ஒட்டினால் என்றாவது ஒருநாள் லாக்கரையும் உரித்துக்கொண்டு பிரிட்ஜ் கையோடு வந்துவிடும். ஆகவே வாரக்கணக்கில் பாடுபட்டுப் பளபளக்கவைத்த பரப்பின் நட்டநடுவே கத்தியை வைத்தாக வேண்டும். கிட்டார் வேலையில் மனத்தைப் பிசையும் கட்டம் இதுதான். எனக்கு மிகப் பிடித்த கட்டமும் இதுதான்.

முதலில் இடம். தந்தியை ஃபிரெட்டில் அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுருதி ஏறும். அதற்கு ஈடாக, பிரிட்ஜின் மேல் தந்தி படிந்து நிற்கும் சேடில் கணக்குப்படி வரவேண்டிய இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் பின்தள்ளி நிற்க வேண்டும். தடித்த தந்திப் பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. இங்கே பிசகினால் பிறகு எந்தத் திறமையாலும் அந்தக் கிட்டாரைச் சுருதியில் நிறுத்த முடியாது. இடம் உறுதியானதும் ஓரத்து இரண்டு பின் துளைகளையும் பலகை வரை துளைத்து, அவற்றில் ஆணி செருகிவிட வேண்டும். ஈரப்பசையின் மேல் பிரிட்ஜ் வழுக்கிக்கொண்டு போகும். அந்த ஆணிகள்தான் அதை நிறுத்தும்.

அடுத்தது கோடு. பிரிட்ஜைச் சுற்றிக் கூரிய கத்தியால் மெல்லக் கீறுகிறோம். லாக்கரின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கத்தி அதற்குக் கீழே போகக் கூடாது. பின்விளிம்பின் கோடு ஸ்ப்ரூஸின் நார்களுக்குக் குறுக்காக ஓடுகிறது. தந்தியின் இழுப்பு முழுவதையும் தாங்கப்போகிற நார்கள் அவை. அவற்றை அங்கே வெட்டிவிட்டால், பலகையின் பலத்தை அது மிகவும் தேவைப்படும் இடத்திலேயே அறுத்தவர்கள் ஆவோம். கோடு அழகாகத் தெரிய வேண்டும் என்று கத்தியை அழுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. இரண்டு மூன்று முறை லேசாக ஓட்டினால் போதும். பிறகு உளியைப் படுக்கவைத்து லாக்கரை மட்டும் சீவி எடுக்கலாம்.

விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிக் கோடு போட்டு, சுற்றிலும் லாக்கரை அப்படியே விட்டுவிடும் வழக்கம் பல தொழிற்சாலைகளில் உண்டு. வேலை சுலபம், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. ஆனால் பிரிட்ஜின் நீளமே ஆறு அங்குலம்தான். சுற்றிலும் 2 மில்லிமீட்டர் விட்டால் ஒட்டும் பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போயிற்று. அதுவும் பெயர்ச்சி தொடங்கும் பின்விளிம்பிலேயே போகிறது. இதை நான் ஏற்கமாட்டேன். மயிரிழை அளவு மட்டும் உள்ளே தள்ளிக் கீறி, அந்த விளிம்புக்கு இடம்கொடுக்கப் பிரிட்ஜின் அடியோரத்தில் லாக்கர் கனத்துக்கு ஒரு சிறு படி செதுக்கினால் மரம் மரத்தோடு முழுசாகச் சேரும். வெளியே பார்த்தாலும் கோடு தெரியாது. சுத்தமும் பலமும் ஒரே வேலையில் கிடைக்கிற இடம் இது. அதற்காக ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவானால் ஆகட்டும்.

பிரிட்ஜுக்குப் பெரும்பாலும் கருங்காலி அல்லது ஈட்டி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி உலகம் முழுக்கப் பல கிட்டார்களில் இருக்கிறது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் பிரேசில் ஈட்டியை விட்டு இதற்கு மாறியது 1969இல். எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன்புதான் அடிப்பக்கத்தைப் புதிதாகச் சுரண்ட வேண்டும். மேற்பலகை தட்டையாக இராது, லேசாகப் புடைத்திருக்கும். பிரிட்ஜின் அடியையும் அதே வளைவுக்குத் தேய்த்துவிட வேண்டும். கிளாம்பின் பலத்தால் வளைத்து ஒட்டிய பிரிட்ஜ் என்றும் நிமிரவே பார்த்துக்கொண்டிருக்கும்.

பசையில் என் தேர்வு, நம் பழைய ஆசாரிகள் காய்ச்சிய வச்சிரம். சுமார் 60 டிகிரி சூட்டில் தடவி, ஒரு நிமிடத்துக்குள் கிளாம்பை இறுக்கியாக வேண்டும். குளிர்நாட்டார் பிரிட்ஜைச் சூடாக்கி வைத்துக்கொண்டு பரபரப்பார்கள். சென்னைக் கோடையில் நமக்கு அந்தக் கவலை குறைவு. மஞ்சள் மரப்பசை நிதானமாக வேலை செய்ய இடம்கொடுக்கும்தான். ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டார் கிடந்தால் அது இளகி நகர ஆரம்பிக்கும். பிதுங்கி வரும் வச்சிரம் கூழாக உறையும்போதே மரக்குச்சியால் வழித்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போய்விடும். ஸ்பிரிட்டையோ அசிட்டோனையோ கிட்டவே கொண்டுவரக் கூடாது, லாக்கர் கரைந்துவிடும். பிறகு ஒரு முழு நாள் தொடாமல் விட வேண்டும்.

உங்கள் வீட்டில் கிட்டார் இருந்தால், பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு மெல்லிய காகிதத்தைச் செருகிப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் அன்றே தந்திகளைத் தளர்த்திவிட்டு, தெரிந்த ஒருவரிடம் பழுதுபார்க்கக் கொடுங்கள். கடையில் விற்கும் உடனடிப் பசையை அந்த இடுக்கில் விட்டுவிடாதீர்கள். அதைச் சுரண்டி எடுக்கும்போது ஸ்ப்ரூஸின் நாரும் சேர்ந்தே போய்விடுகிறது.